அக்காவின் அசதி

ரசம் நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது ரசம் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. சமையலறை முழுக்க கேஸ் வாடை. அக்கா கையில் கரண்டியோடு, சுவரில் தோளைச் சாய்த்து, நின்ற வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, அவளை உலுக்கினேன். கண்ணைத் திறந்தவள், எங்கோ தொலைவிலிருந்து வருபவள் மாதிரி என்னைப் பார்த்து, "கொதிச்சிருச்சா?" என்றாள்.

அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. தென்னூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரிய கடைவீதியில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கடை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அக்கா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவள் மகள் பாப்பா நடக்க ஆரம்பித்திருந்தாள். என் மாமியார் முதல் வாரத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூத்தவளை நம்பி எதையும் அடுப்புல வெச்சிடாத. அவ உக்காந்தா தூங்குவா, நின்னா தூங்குவா. வந்த எடம் புடிக்கல, அதான் தூங்கியே காலத்தை ஓட்டுறா."

அக்கா மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் வீட்டுப் பெண். கல்யாணப் புகைப்படத்தில் பார்த்தால் நிமிர்ந்த கழுத்தும் முழங்கை வரை வளையலுமாக, மாப்பிள்ளையை விட உயரமாகத் தெரிவாள். நான் பார்த்த அக்கா அந்தப் புகைப்படத்தில் இருந்தவளின் மூத்த சகோதரி மாதிரி இருந்தாள். முடி கொட்டி, உதட்டோரம் வெடித்து, நகங்கள் வெளுத்து இருக்கும். படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். வேலையை மறுத்ததே கிடையாது. காய் நறுக்க உட்காருவாள். பாதி வெண்டைக்காயில் கத்தி நின்றுவிடும்.

"என்னக்கா செய்யுது?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

"அசதிதான்மா. வேலை செஞ்ச அசதி இல்ல இது. அது நல்லா இருக்கும், படுத்தா போயிடும். இது படுத்தா இன்னும் ஏறும்."

டாக்டர்களிடம் காட்டாமல் இல்லை. ரத்தம் கம்மி என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஊசி போட்டார். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவர் பெரியவரிடம் (அக்காவின் கணவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) "வீட்ல ஏதாவது மனவருத்தமா?" என்று கேட்டார். பெரியவர் அன்றிலிருந்து அக்காவை எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. அவருக்கு அவமானமாகப் போய்விட்டது.

சத்து இல்லை என்று எல்லோரும் சொன்னதால் சத்துக் கொடுப்பதை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் சம்பா கோதுமை ரவையைப் பாலில் வேகவைத்து, வெல்லம் போட்டு, கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுவேன். சாயங்காலம் இரண்டு சப்பாத்தி. மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் எங்கள் வீட்டில் ராத்திரி எப்போதும் கோதுமைதான். அக்கா கஞ்சியை மறுக்காமல் வாங்கிக்கொள்வாள். டம்ளரைச் சாய்த்து அடியில் இருப்பதையும் விரலால் வழித்துக் குடிப்பாள். "உன் கைக்கு நல்லா இருக்கு" என்பாள். அதன் பிறகு போய்ப் படுப்பாள்.

வீட்டின் நடுக்கட்டில் ஒரு சின்ன அறை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே, எல்லோரும் அதைக் கடந்துதான் போகவேண்டும். கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். உள்ளே அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அந்த அறையைக் கடக்கும்போது யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டதில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. பாப்பா எப்படி என்னிடம் வந்தாள் என்று யோசித்தால், யாரும் கொடுக்கவும் இல்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. காலையில் சடை பின்ன ஒரு ஆள் வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஸ்கூல் வேன் வரும்போது தெருமுனையில் நிற்க ஒரு ஆள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போட ஒரு ஆள். அப்படியே ஆகிவிட்டது. பாப்பா பெரியவளானதும் என்னிடம்தான் வந்து சொன்னாள். என்னை அவள் 'நீ' என்பாள். அம்மாவை 'நீங்க' என்பாள். அது மரியாதையால் வந்த 'நீங்க' இல்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் பேசுகிற 'நீங்க'.

பாப்பா கல்லூரியில் சேர்ந்த வருடம், அக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தார்கள். நாங்கள் போனபோது அக்காவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வார்டில் ஒரு இளம் டாக்டரம்மா, பேச்சில் தஞ்சாவூர் வாடை அடிக்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பவாவது நல்லா இருந்திருக்கீங்களா? அசதியே இல்லாம?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "அம்மா வீட்டுக்குப் போனா நல்லா இருக்கும் டாக்டர். நாலஞ்சு நாள் ஆனதும் நல்லாவே இருக்கும்" என்றாள் அக்கா.

பெரியவர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் இது பழைய கேலி. அம்மா வீட்டில் வேலை இல்லை, அதனால் அசதியும் இல்லை என்று மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அம்மா வீட்ல என்ன சாப்பிடுவீங்க?"

"என்ன, சோறுதான். மில்லு வீடுல்ல. காலைல பழைய சோறு, மத்தியானம் சோறு, ராத்திரி இட்லி. எங்கப்பா கோதுமையை வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு."

"இங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். கஞ்சி, சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா, டீக்கு பிஸ்கட். சொல்லிக்கொண்டே வரும்போது டாக்டரம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொன்னார்கள். கோதுமையில் இருக்கும் பசைச் சத்து அக்காவின் உடம்புக்குப் பகை. உள்ளே போகும்போதெல்லாம் குடலின் உள்தோலை அரித்து அரித்து வழவழவென்று ஆக்கியிருக்கிறது. அதனால் சாப்பிட்ட எந்தச் சத்தும், போட்ட எந்த மாத்திரையும் உடம்பில் ஒட்டவில்லை.

"மருந்து?" என்று பெரியவர் கேட்டார்.

"மருந்து கிடையாதுங்க. சாப்பாடுதான். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் இனி வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது. துளிகூட. குடல் ஆறுற வரைக்கும் பாலும் வேணாம்."

எழுந்திருக்கும்போது அக்கா, "அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?" என்றாள்.

"இல்லைங்க."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நான் கஞ்சிக்கு வைத்திருந்த கோதுமை ரவை டப்பாவை எடுத்து வேலைக்காரம்மாவிடம் கொடுத்தேன். அக்கா கதவருகில் நின்று பார்த்தாள். "விடு. நீ ஆசையாத்தான் குடுத்த" என்றாள். பிறகு, "நானும் ஆசையாத்தான் குடிச்சேன்" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உடனே சரியாகிவிடவில்லை. முதல் மாதம் கொஞ்சம் தேறினாள். பிறகு நின்றுவிட்டது. மறுபடி பகலில் படுக்க ஆரம்பித்தாள். "பாத்தியா, நான் சொல்லல?" என்றார் மாமியார். ஒரு நாள் மத்தியானம் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் பெருங்காய டப்பா.

"இதைப் படி. எனக்குச் சரியாத் தெரியல."

எறும்பு மாதிரி பொடி எழுத்து. படித்தேன். பெருங்காயத்தோடு மைதா கலந்திருப்பதாகப் போட்டிருந்தது.

"சாம்பார்ல, ரசத்துல, மோர்ல, ரசப்பொடியில. ஒரு நாள் விடாம," என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. வீட்டுக்குள் ஒளிந்திருந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு திகில் மட்டும் இருந்தது. "நாளைலேர்ந்து பூண்டு தட்டிப் போடு. போதும்."

அதன் பிறகுதான் அது நடந்தது. ஒரு நாள் விடியற்காலையில் நான் விழித்தபோது வீட்டுக்குள் யாரோ நடக்கும் சத்தம். விறுவிறு என்ற நடை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு நடை கிடையாது. திருடன் என்று நினைத்து என் கணவரை எழுப்பினேன். இருவரும் வெளியே வந்து பார்த்தோம். அக்கா எல்லா ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகி, ஈரக்கையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரித்தாள். கல்யாணப் புகைப்படத்தில் இருந்தவளின் சிரிப்பு அது. வயது மட்டும் நாற்பதைத் தாண்டியிருந்தது.

சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். படவும் செய்தோம். ஆனால் விழித்துக்கொண்ட அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பது லேசாக இல்லை. அவள் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். சாப்பிடும்போது பெரியவரின் முகத்தை உற்றுப் பார்ப்பாள். பீரோவைத் திறந்து, பாப்பாவின் சின்ன வயசுப் பாவாடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து மடித்து வைப்பாள். கூடத்தில் நான் திரும்பினால் அவள் நின்றுகொண்டிருப்பாள். காலையில் பாப்பாவுக்குச் சாப்பாடு கட்டி டப்பாவோடு வாசலில் காத்திருப்பாள். பாப்பா செருப்பை மாட்டியபடி, "பரவால்லைங்கம்மா, சித்தி கட்டிட்டாங்க" என்பாள். அக்கா டப்பாவை அப்படியே உள்ளே கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல், தானே அதைச் சாப்பிடுவாள். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி ஓடும். பாப்பா இன்னும் என்னிடம்தான் என்று.

அக்கா என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பாப்பா ஆண்டுவிழாவில் ஆடினாளே, என்ன கலர் டிரெஸ்? முன்பல் விழுந்தபோது முகம் எப்படி இருந்தது? அழுதால் உதட்டைப் பிதுக்குவாளா, இல்லை மூக்கு சிவக்குமா? நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சில சமயம் அந்த இடத்துக்கே என்னைக் கூட்டிப்போகச் சொல்வாள். ஸ்கூல் கேட். பல் டாக்டரின் மாடிப்படி. அப்படித்தான் ஒரு நாள் முக்கொம்பு அணைக்குப் போனோம்.

பாப்பா மூன்றாவது படிக்கும்போது குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். பூங்காவில் மரத்தடியில் பாயை விரித்ததுமே அக்கா படுத்துவிட்டாள். நாங்கள் மதகுப் பக்கம் போனோம். பாப்பா படியில் வழுக்கி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். நான்தான் சடையைப் பிடித்து இழுத்துத் தூக்கினேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் அலறிய அலறல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அக்கா அந்த மரத்தைத் தானே கண்டுபிடித்தாள். அதன் அடியில் வெறும் தரையில், புடவை அழுக்காவதைப் பார்க்காமல், மெதுவாகப் படுத்தாள். சுற்றி ஜனங்கள். பட்டாணி விற்பவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எழுந்திரிங்கக்கா."

"இங்கேர்ந்து தண்ணி தெரியாது," என்றாள் படுத்தபடியே. "ஆனா கேட்டுது."

"என்ன கேட்டுது?"

"பாப்பா கத்தினது. நீ கத்தினது. அத்தை 'பெத்தவ தூங்குறா பாரு, ராட்சசி'ன்னது." அக்கா மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தூங்கல. எப்பவுமே முழுசாத் தூங்கினதில்ல. எல்லாம் காதுல விழும். எந்திரிக்கணும், எந்திரிக்கணும்னு உள்ளுக்குள்ள கத்துவேன். கை கால் வராது. கண்ணைத் தொறக்க முடியாது. மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சுட்டு மேல நின்னு எல்லாரும் பேசுற மாதிரி இருக்கும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நடுக்கட்டு அறையைக் கடந்து போகும்போது எத்தனை வருடமாக என்னென்ன பேசியிருக்கிறோம் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பெரியவருக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமியாரும் அத்தைமார்களும் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அது நினைவுக்கு வந்தது. பாப்பா ஒரு முறை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீதான் என் அம்மான்னு ஸ்கூல்ல சொல்லிட்டேன்" என்று சொன்னதும் அங்கேதான்.

அதனால்தான் அக்கா என்னிடம் கேட்டதெல்லாம் நிறம், முகம், உடை என்றே இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பாப்பாவைத் தூக்கினல்ல, அந்தச் சத்தமும் கேட்டுது. ஈரத்துணியோட அவ உன் மேல ஒட்டிக்கிட்ட சத்தம். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

பாப்பாவின் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஊரில், ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் சம்பந்திகளோடு அக்கா உட்கார்ந்தாள். இலையில் எதையும் பரிமாற விடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, தன் சோற்றையும் தன் குழம்பையும் இலையில் கவிழ்த்துக்கொண்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "சாம்பார் ஒரு கரண்டி ஊத்திக்கங்க சம்பந்தி. பொண்ணு கல்யாணத்துல ஒரு வாய்கூடச் சாப்பிடாட்டி எப்படி? ஒரு வாய்ல என்ன ஆயிடும்?"

"ஒரு வாய்க்கு ஒரு வாரம் போயிடுங்க," என்றாள் அக்கா. மெதுவாக, சிரித்த முகத்தோடு. "நெறைய குடுத்துட்டேன். இனிமே ஒரு வாரம்கூடக் குடுக்க முடியாது. தப்பா நெனைக்காதீங்க."

அந்த அம்மா அடுத்த இலைக்கு நகர்ந்தார். மாப்பிள்ளையோடு பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த பாப்பா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெட்கமும் எரிச்சலும் இருந்தன.

பாப்பா ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டுப் பாப்பாவோடு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். குழந்தை தவழ்வது பற்றி, மாப்பிள்ளையின் ஷிஃப்ட் பற்றி. போனை வைத்ததும் அக்கா எழுந்து உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"அவளுக்கு வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"வாக்கியத்தை முடிக்காம நிறுத்துறா, கவனிச்சியா? கடைசி வார்த்தைக்கு மூச்சு இல்ல. எனக்குத் தெரியாதா அது?"

கைக்குழந்தைக்காரிக்கு அசதி இருக்காதா என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான். அக்கா கேட்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று மாலையே பாப்பா எனக்குப் போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "சித்தி, இவங்களைக் கூட்டிட்டுப் போயிடு. வந்ததுலேர்ந்து என் நகத்தைப் பாக்குறாங்க, கண்ணை இழுத்துப் பாக்குறாங்க. இவங்களுக்கு வந்தது எனக்கும் வரணும்னு ஆசையா? நான் ஒண்ணும் இவங்களை மாதிரி இல்ல. நான் என் புள்ளையைப் பாத்துக்குறேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். கடைசி வார்த்தைக்கு மூச்சு இல்லை. அப்போதுதான் எனக்கும் கேட்டது.

நான் அக்கரைக்குப் போய் அவளோடு பேசினேன். நான் சொன்னால் பாப்பா கேட்பாள். அதே டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம். ரத்தம் எடுத்ததில் சந்தேகப்படும்படி இருந்தது. குடலையும் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. "அதுவரைக்கும் கோதுமையை நிறுத்திடக் கூடாது. தினமும் சாப்பிடணும். நிறுத்திட்டா குடல் ஆறிடும், இருந்தாலும் இல்லைன்னு காட்டிடும்" என்றார் டாக்டரம்மா.

அக்காவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். திரும்பவும் பார்க்க நினைக்காத முகம்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், பழங்கள் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அக்கா மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை. பலகையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாவின் தூசி மூச்சில் போனால்கூட ஆகாது என்று பயந்து, எங்கள் வீட்டில் மாமியாருக்காக மாவு சலிக்கும் நாளில் மாடிக்குப் போய்விடுபவள் அவள்.

"நகருங்கக்கா, நான் போடுறேன்."

"வேணாம்." துண்டுக்குள்ளிருந்து குரல் மங்கலாக வந்தது. "இதை நான்தான் பண்ணணும். வேற யாரு பண்ணினாலும் அவங்க மேல எனக்குக் கோவம் வந்துரும். நீ பண்ணினா உம்மேல வரும். எதுக்கு?"

சப்பாத்தி ஒவ்வொன்றும் வட்டம் பிசகாமல், மெல்லிசாக, பூப்போல உப்பியது. அவற்றைத் தட்டில் அடுக்கி, குருமா ஊற்றி, பாப்பா முன் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். பாப்பா சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டும் தொண்டையில் இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் பாப்பா போய்ப் படுத்தாள். நான் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அக்கா துண்டை அவிழ்த்து, முகம் கை கால் எல்லாம் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு, பாப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். குனிந்து அவள் காதருகில் பேச ஆரம்பித்தாள். சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில்.

"குழந்தை சித்திகிட்ட இருக்கு. அழல. இப்பத்தான் கொட்டாவி விட்டுச்சு. கேஸை மூடிட்டேன். மாப்பிள்ளை வர இன்னும் நேரம் இருக்கு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல. கேக்குதா? யாரும் ஒண்ணும் சொல்லல. நீ எந்திரிக்க வேணாம். நான் இருக்கேன்."

பாப்பா அசையவில்லை. மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் கோர்த்து, காதை நோக்கி வழிந்தது. அக்கா அதைத் துடைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். நான் குழந்தையோடு பால்கனிக்குப் போய்விட்டேன். அந்த அறையில் எனக்கு இடம் இல்லை என்று தோன்றியது. வருத்தமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

குடலைப் பார்த்ததில் அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது. அன்றைக்கே அந்த வீட்டுக்குள் கோதுமை நின்றது. அக்கா அரிசியை ஊறவைத்து இடித்து, கேழ்வரகு, கம்பு, சோளம் என்று விதவிதமாகச் செய்து போட்டாள். சில மாதங்களில் பாப்பா தேறிவிட்டாள். இளம் வயசு, சீக்கிரம் பிடிபட்டது என்றார் டாக்டரம்மா. ஒரு நாள் நான் போயிருந்தபோது பாப்பா குழந்தையைக் குளிப்பாட்டியபடி உள்ளே பார்த்து, "அம்மா, துண்டை எடுத்துட்டு வாயேன், எங்க வெச்ச நீ?" என்று கத்தினாள். அக்கா துண்டோடு வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள். வந்தது 'நீ' என்று பாப்பாவுக்கே தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அக்கா அதன் பிறகு தென்னூர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பெரியவர் வாரக்கடைசியில் அங்கே போய்வந்தார். பொங்கலுக்காவது வாருங்கள் என்று நான் ஒரு முறை வற்புறுத்தினேன்.

"வரலாம். அந்த நடுக்கட்டு ரூமைத் தாண்டித்தானே வரணும்?" என்றாள். "அங்க ஒருத்தி இன்னும் படுத்துக்கெடக்குற மாதிரியே எனக்கு இருக்கு. சுவத்தைப் பாத்துக்கிட்டு. நான் போனா அவ திரும்பிப் பார்ப்பா. நான் என்ன பதில் சொல்றது அவளுக்கு?"

நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அந்த அறையில் இப்போது பழைய பெயின்ட் டப்பாக்கள் கிடக்கின்றன. அவள் அதைச் சொன்ன நாளிலிருந்து, அதைக் கடக்கும்போது என்னால் யாரைப் பற்றியும் எதுவும் பேச முடிவதில்லை.

ஆறு வருடம் அக்கா அங்கே இருந்தாள். பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போய் வந்தாள். விடியும் முன் எழுந்துவிடுவாள். பகலில் ஒரு நிமிடம்கூடப் படுக்கமாட்டாள். "கொஞ்சம் படேம்மா" என்று பாப்பா கெஞ்சினாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். போன வருடம், ஆடி மாதத்தில், காலை நேரம், பேத்திக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். உதட்டோரம் வெடிப்பு இல்லாத, நிறைவான முகம். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா அம்மாவின் கால்மாட்டில், சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த ஒருத்தி மாலையைப் போட்டுவிட்டு, எல்லா சாவு வீட்டிலும் சொல்வது போலவே சொன்னாள்: "முகத்தைப் பாரு. அப்படியே தூங்குற மாதிரி இருக்கு."

பாப்பா என் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"தூங்கல," என்றாள். "எங்கம்மா தூங்கலைங்க. செத்துப்போயிட்டாங்க. அப்படியே சொல்லுங்க."

மாலை போட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் அம்மா வழியில் வயதான பெரியம்மா ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் தரையைத் தட்டிப் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஆமாண்டி கண்ணு," என்றார். "செத்துத்தான் போயிட்டா."

அதன் பிறகுதான் பாப்பா அழுதாள்.